பதினான்கு முறை படித்தும் ஏன் மறந்தது?



மேலே வாசிக்கும் முன் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்ப்போமா? ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் இரு பக்கங்கள் அவை. இனி, பையில் இருக்கும் நாணயத்தைத் தொடாமல், அதில் உள்ளவற்றையெல்லாம் அந்தந்த இடத்தில் வரையுங்கள். சிங்கத் தலைகள் எந்தப் பக்கம்? அவற்றின் கீழே என்ன எழுதியிருக்கிறது? நாட்டின் பெயர் எங்கே இருக்கிறது? எத்தனை மொழியில்? ஆண்டு எந்தப் பக்கம்?

வரைந்தாயிற்றா? இப்போது நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் வரைந்து பார்த்தேன். சிங்கங்கள் சரியாக அமைந்தன. ஆண்டை மட்டும் தவறான பக்கத்தில் போட்டுவிட்டேன்.

1979-ஆம் ஆண்டில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதே சோதனையைத் தங்கள் நாட்டு ஒரு சென்ட் நாணயத்தை வைத்துச் செய்தார்கள். அந்த நாணயத்தில் முக்கியமான அடையாளங்கள் எட்டு. இருபது பேரை வரையச் சொன்னதில், நடுத்தரமாக வரைந்தவர்கூட மூன்று அடையாளங்களைத்தான் சரியான இடத்தில் போட்டிருந்தார். பிறந்தது முதல் ஆயிரக்கணக்கான தடவை கையில் வாங்கிக் கொடுத்த காசு அது!

எனவே ஒன்று தெளிவாகிறது. ஒரு பொருளைப் பல முறை பார்ப்பது வேறு. அதை நினைவிலிருந்து எடுப்பது வேறு. கண்ணுக்குப் பழகிய ஒன்று மனத்தில் பதிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நாணய விஷயத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பெட்டிக்கடையில் யாரும் படம் வரையச் சொல்வதில்லை. ஆனால் பாடப்புத்தகத்திலும் நீங்கள் இதையே செய்துகொண்டிருந்தால்?

உங்களில் பலர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிறீர்கள். ஐ.ஐ.டி. செல்ல வேண்டும், மருத்துவம் படிக்க வேண்டும், அறிவியல் ஆராய்ச்சிக் கல்லூரி ஒன்றில் சேர வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இடங்கள் குறைவு, எழுதுவோர் பல லட்சம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கிறீர்கள். மின்னோட்டவியல் பாடத்தை நான்கு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் கோடு போட்டாயிற்று. ஐந்தாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. அடுத்த வாரம் மாதிரித் தேர்வில் அதே பாடத்திலிருந்து வந்த கேள்வி கண் முன்னே நிற்கிறது, கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து, "எனக்கு மூளை அவ்வளவுதான்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள்.

இப்படி முடிவு கட்டி, எழுதியிருக்க வேண்டிய தேர்வை எழுதாமலே விட்டவர்கள் ஏராளம். நல்ல பள்ளி, பெரிய பயிற்சி மையம், படித்த பெற்றோர் ஆகிய துணை இல்லாத பிள்ளைகள்தாம் இம்முடிவுக்குச் சீக்கிரம் வருகிறார்கள். அது தவறான முடிவு. குறை மூளையில் இருப்பதைவிடப் படிக்கும் முறையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. நூற்று நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் பரிசோதனைகள் சொல்கின்றன.

ஜெர்மனியில் எபிங்காஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். மறதியை அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. மறதியை எதைக் கொண்டு அளப்பது? தெரிந்த சொற்களைக் கொடுத்தால் ஒருவருக்கு எளிதாகவும் மற்றவருக்குக் கடினமாகவும் இருக்கும். ஆகவே பொருளே இல்லாத சிறு அசைகளை அவரே செய்துகொண்டார். தமிழில் சொல்வதானால் 'ழெப்', 'நுக்', 'தோஸ்' போன்றவை. இப்படிச் சுமார் 2,300 அசைகள்! அவற்றைக் கலைத்துப் போட்டு, வரிசை வரிசையாக எடுத்து, பிழையில்லாமல் ஒப்பிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். பரிசோதனைக்கு வேறு ஆள் கிடையாது. அவரே ஆராய்ச்சியாளர், அவரே சோதனை எலி. ஆண்டுக்கணக்கில் இந்த வறட்டு வேலையைச் செய்து, 1885-இல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் அளந்த விதம் அழகானது. ஒரு வரிசையை முதன்முறை மனப்பாடம் செய்ய நூறு விநாடி ஆனதாக வைத்துக்கொள்வோம். சில மணி நேரம் கழித்து அதையே மீண்டும் மனப்பாடம் செய்ய அறுபது விநாடி போதுமென்றால், நாற்பது விநாடி மிச்சம். அந்த மிச்சம்தான் மனத்தில் தங்கியிருந்தது என்று கணக்கு. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் அது 44 ஆகக் குறைந்தது. ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. ஒரு மாதம் கழித்து 21.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஆனால் ஆறாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் இடையே பெரிய வீழ்ச்சி இல்லை. சூடான பால் ஆறுவது போலத்தான்: முதலில் சரசரவென்று இறங்கும், பிறகு மெல்ல மெல்ல. இவை பொருளற்ற அசைகளுக்கான எண்கள் என்பதை மறக்க வேண்டாம். பொருள் உள்ளவற்றின் கதை வேறு. அதையும் அவரே சோதித்தார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதை வரிகளை மனப்பாடம் செய்து பார்த்தபோது, அதே நீளமுள்ள பொருளற்ற அசைகளுக்கு ஆன முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. புரியாமல் உருப்போடுகிறவன் ஒன்பது பங்கு உழைப்பை வீணாக்குகிறான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்னொரு முடிவு உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் படித்ததன் பலனும், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை சொல்லிப் படித்ததன் பலனும் ஒன்றாகவே இருந்தன. வேலை ஏறக்குறைய பாதி, பலன் அதே. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேதியியல் என்று உட்காருவதைவிட, அதே நேரத்தை ஞாயிறு, செவ்வாய், அடுத்த ஞாயிறு என்று பிரித்துக்கொண்டால் லாபம். இன்று படித்ததை நாளை ஒரு முறை, நான்கைந்து நாள் கழித்து ஒரு முறை, பிறகு மூன்று வாரம் கழித்து ஒரு முறை தொட்டால் போதும். நாட்களைக் கணக்காக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சற்று மறக்கத் தொடங்கிய பிறகு தொடுவதுதான் முக்கியம்.

'தொடுவது' என்றேனே, மறுபடியும் வாசிப்பதா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர்களுக்குச் சிறு அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது. மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழுவினர் நான்கு தடவையும் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த நான்கு தடவையில் ஒவ்வொருவரும் சராசரியாகப் பதினான்கு முறை கட்டுரையை முழுக்க வாசித்து முடித்தார்கள். வேறொரு குழுவினர் முதல் தடவை மட்டும் வாசித்தார்கள். மூன்று முறைக்குச் சற்று அதிகமாகத்தான் வாசிக்க முடிந்தது. மீதி மூன்று தடவையும் அவர்களுக்குக் கட்டுரை கொடுக்கப்படவில்லை. வெற்றுத் தாளைக் கொடுத்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதியது சரியா தவறா என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, வாசித்த குழு 83 சதவீதம் எழுதியது. வெற்றுத் தாள் குழு 71 சதவீதம்தான் எழுதியது. 'பார்த்தீர்களா, வாசிப்பதே மேல்' என்பீர்கள். ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களுக்கு, இதே போல் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைத்தபோது எண்கள் தலைகீழாயின. பதினான்கு முறை வாசித்தவர்கள் 40 சதவீதம். வெற்றுத் தாளோடு மல்லுக்கட்டியவர்கள் 61 சதவீதம்!

இதில் சுவையான இடம் இனிமேல்தான் வருகிறது. பயிற்சி முடிந்த கையோடு, 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று மாணவர்களையே கேட்டிருந்தார்கள். நிறைய நினைவிருக்கும் என்று நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்! மறதி பாதித் தீங்கு என்றால், 'தெரியும்' என்ற இந்தப் பொய் உணர்வு மீதித் தீங்கு. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடுகின்றன. அந்த ஓட்டத்தை அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்தால் அப்படி ஓடாது. தடுக்கும், எரிச்சல் வரும், தலை சொறிய வைக்கும். அந்தத் தடுமாற்றம்தான் வேலை நடப்பதன் அடையாளம். நிலத்தில் கலப்பை ஆழப் போகும்போதுதானே மாடு திணறுகிறது!

ஆகவே செய்ய வேண்டியது இது. பாடத்தை ஒரு முறை, தேவைப்பட்டால் இரு முறை, புரியும்படி நிதானமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். தாளில் எழுதுங்கள்: இந்தப் பாடத்தில் என்னென்ன விதிகள் வந்தன? கிர்க்காஃபின் இரண்டு விதிகளும் எவற்றின் அழிவின்மையிலிருந்து பிறக்கின்றன? ஓம் விதி எங்கே பொருந்தாது? வீட்ஸ்டன் சமனச் சுற்றின் படத்தைப் பார்க்காமல் வரைய முடிகிறதா? எழுதி முடித்த பின் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் குறியுங்கள். அடுத்த முறை சிவப்பிலிருந்து தொடங்குங்கள். இதற்குப் பயிற்சி மையம் வேண்டாம். ஒரு பழைய நோட்டின் பின்பக்கத் தாள்கள் போதும். தங்கைக்கோ பக்கத்து வீட்டுத் தோழனுக்கோ புத்தகம் பாராமல் சொல்லிக்கொடுத்தாலும் இதே பலன்தான். தங்கை குறுக்குக் கேள்வி கேட்பாளே, அது உபரி லாபம்.

கணக்குகளுக்கு வருவோம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்துக் கணக்குகள் வரும். உந்த அழிவின்மைப் பாடத்தின் கீழே வரும் கணக்கு உந்த அழிவின்மையால்தான் தீரும் என்பதைக் கணக்கை வாசிக்காமலே சொல்லிவிடலாம். நுழைவுத் தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எந்த வழியில் போவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் நுழைவுத் தேர்வில் திகைத்து நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 1.99 கிலோகிராம் எடையுள்ள மரக்கட்டை ஒன்று நீண்ட கயிற்றில் தொங்குகிறது. 10 கிராம் எடையுள்ள துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக வந்து கட்டைக்குள் புதைந்துவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளுங்கள்.

வேகம், உயரம் என்ற சொற்களைக் கண்டதும் பலர் ஆற்றல் அழிவின்மைக்குப் பாய்கிறார்கள். குண்டின் இயக்க ஆற்றல் 800 ஜூல். மொத்த எடை 2 கிலோகிராம். 800-ஐ 20-ஆல் வகுத்தால் 40 மீட்டர். விடை வந்துவிட்டது! நான்கு விடைகளில் '40 மீட்டர்' என்பதும் நிச்சயம் இருக்கும். ஆனால் தொங்கும் கட்டை பன்னிரண்டு மாடி உயரத்துக்கா எழும்பும்?

குண்டு புதையும் நொடியில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவும் மரத்தைப் பிளக்கும் வேலையாகவும் செலவாகிவிடுகிறது. அந்த நொடியில் நிலைத்திருப்பது உந்தம். 0.01-ஐ 400-ஆல் பெருக்கினால் 4. அதை 2-ஆல் வகுத்தால், புதைந்த பின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். இதற்குப் பிறகுதான் ஆற்றல் அழிவின்மைக்கு வேலை. வேகத்தின் வர்க்கம் 4. அதை 20-ஆல் வகுத்தால் 0.2 மீட்டர். அதாவது இருபது சென்டிமீட்டர்! 800 ஜூலில் கட்டைக்கு இயக்கமாகக் கிடைத்தது 4 ஜூல் மட்டுமே. ஒரே கணக்கில் இரண்டு விதிகள். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று காண்பதுதான் சோதிக்கப்படுகிறது.

இந்தத் திறமை கலப்புப் பயிற்சியில்தான் வளரும். 2007-இல் ரோரர், டெய்லர் என்னும் இரு ஆய்வாளர்கள், கேள்விப்படாத சில திண்மங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு எல்லா வகையும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள்; கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர் 20 சதவீதம், பின்னவர் 63! மறுபடியும் அதே கதை: பயிற்சியின்போது சுகமாக இருப்பது தேர்வில் கைவிடுகிறது.

பாடம் புதிதாக இருக்கும்போது அந்தப் பாடத்துக் கணக்குகளில் ஐந்தாறு செய்து கை பழக்கிக்கொள்வதில் தவறில்லை. அதன் பிறகு, வாரத்தில் இரு நாளாவது பழைய பாடங்களையும் சேர்த்துக் கலந்து செய்யுங்கள். இதற்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். முந்தைய ஆண்டு வினாத்தாள்களே கலந்துதான் இருக்கின்றன. தேர்வு நடத்தும் அமைப்புகளின் இணையதளங்களில் அவை இலவசம். நடுவில் ஒரு மணி நேரம் சிக்கி நின்ற கணக்கை உடனே விடை பார்த்து முடித்துவிடாமல், ஓரிரவு ஆறப்போட்டு மறுநாள் பாருங்கள்.

தவறுகளுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். 'விடை தப்பு' என்று எழுதினால் பயனில்லை. என்ன வகைத் தவறு என்று எழுத வேண்டும். கருத்தே தெரியவில்லையா? கருத்து தெரிந்தும் வழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தோமா? கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறந்தோமா? வினாவில் 'தவறானது எது' என்று கேட்டிருக்க, சரியானதைக் குறித்தோமா? மூன்று மாதம் எழுதினால் உங்கள் பலவீனம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும். கவனக்குறைவு என்று நாம் பெயர் சூட்டிவிடும் தவறுகளில் பாதிக்கு வேறு பெயர் இருப்பதை அப்போது காண்பீர்கள்.

இனி, பலருடைய தூக்கத்தைக் கெடுக்கும் மைனஸ் மார்க். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 75 வினாக்கள், 300 மதிப்பெண். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். இரண்டிலும் சரியான விடைக்கு நான்கு கிடைக்கும்; தவறான விடைக்கு ஒன்று போகும். 'தெரியாததைத் தொடவே தொடாதே' என்று சிலர் சொல்வார்கள். நிகழ்தகவு என்ன சொல்கிறது?

நான்கு விடைகள் உள்ள நூறு வினாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக 25 சரியாகும். கிடைப்பது 100. தவறான 75-க்கு 75 போகும். மிச்சம் 25. வினாவுக்குக் கால் மதிப்பெண், நஷ்டமில்லை! ஒரு விடை தவறு என்று உறுதியாகத் தெரிந்து அடித்துவிட்டால், வினாவுக்குச் சராசரி மூன்றில் இரண்டு பங்கு. இரண்டை அடித்துவிட்டால் ஒன்றரை. ஆக, இரண்டை நீக்கிய பிறகும் பயந்துபோய் விட்டுவிடுகிறவர் கைக்கு வந்ததைக் கீழே போடுகிறார்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். இது சராசரிக் கணக்கு. இருபது வினாக்களைக் குருட்டாம்போக்கில் குறித்தால், ஐந்து சரியாகி 5 மதிப்பெண் கிடைக்கலாம். மூன்று மட்டும் சரியாகி 5 போகவும் போகலாம். அதைவிட முக்கியமானது வேறொன்று. வினா அமைப்பவர் தவறான விடைகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதில்லை. மாணவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து அங்கேதான் குழி வெட்டுகிறார். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால், 'சுழி' என்ற விடை காத்திருக்கும். வேகம்தான் அங்கே சுழி. முடுக்கம் வழக்கம்போல் கீழ்நோக்கி 9.8. நமது 40 மீட்டரும் அத்தகைய குழியே. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு 'இதுவாகத்தான் இருக்கும்' என்று குறிப்பது குருட்டுத்தனமாகக் குறிப்பதைவிடவும் மோசமாகலாம்.

அப்படியானால் விடைகளை எப்படி நீக்குவது? இயற்பியல் மாணவருக்கு இரண்டு நல்ல ஆயுதங்கள் உண்டு. முதலாவது, பரிமாணம். தனி ஊசலின் அலைவு நேர வாய்பாடு மறந்துபோயிற்று; நீளத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பதா, முடுக்கத்தை நீளத்தால் வகுத்தா என்று குழப்பம். மீட்டரை 'மீட்டர் பெர் விநாடி வர்க்கத்தால்' வகுத்தால் விநாடி வர்க்கம் வரும். அதன் வர்க்கமூலம் விநாடி. முதல் வடிவமே நேரம். மற்றதெல்லாம் தானே விழுந்துவிடும். இரண்டாவது ஆயுதம், எல்லைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. கப்பியின் இருபுறமும் இரு எடைகள் தொங்கும் கணக்கில் முடுக்கத்துக்கு நான்கு கோவைகள் கொடுத்திருக்கிறார்களா? இரு எடையும் சமமாக இருந்தால் முடுக்கம் சுழியாக வேண்டும். ஒரு பக்கம் எடையே இல்லாவிட்டால் மற்றது தடையின்றி விழ வேண்டும். இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் கதை வேறு. ஒரே நாளில் மும்மூன்று மணி நேரம் இரண்டு தாள்கள். மதிப்பெண் முறை வினா வகைக்கு வகை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். தாளின் முகப்பில் உள்ள குறிப்புகளை வாசிக்க ஐந்து நிமிடம் செலவழிப்பது வீண் செலவல்ல.

தமிழ் வழியில் படிப்போருக்கு ஒரு வார்த்தை. நீட், ஜே.இ.இ. மெயின் இரண்டையும் தமிழில் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது. அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. எனவே ப்ளஸ் ஒன்னிலிருந்தே நோட்டில் இரு பத்திகள் போட்டு, உந்தம் என்றால் மொமென்டம், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன், நிலைமம் என்றால் இனர்ஷியா என்று எழுதி வாருங்கள். இதையும் ஒரு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு பழகுங்கள். தமிழில் புரிந்துகொண்ட கருத்துக்கு ஆங்கிலப் பெயரைக் கற்பது சில வார வேலை. புரியாத கருத்தை ஆங்கிலத்தில் உருப்போட்டு ஒரு பலனும் இல்லை.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டே மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது, அதே நேரம் விழித்திருந்ததைவிட அதிகம் நினைவிருந்தது. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இதை மேலும் உறுதி செய்திருக்கின்றன. பகலில் பெற்றதை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது. உங்கள் வயதினருக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் தேவை. நான்கு மணிக்கு எழுகிறவர் எட்டு மணிக்குப் படுப்பாரானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இவ்வளவும் எதற்கு? ஒரே ஒரு வாசலில் போய் முட்டிக்கொள்வதற்கு அல்லவே! ஐ.ஐ.டி. என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். 1951-இல் கரக்பூரில் முதலாவது தொடங்கி, 1959-இல் சென்னைக்கு வந்து, இப்போது இருபத்து மூன்று இருக்கின்றன. ஆனால் அறிவியலையே படிக்க விரும்புவோருக்கென 2006 முதல் தொடங்கப்பட்ட ஐசர் நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. அவற்றில் ஒன்று திருப்பதியில், மற்றொன்று திருவனந்தபுரத்தில். நமக்கு எட்டும் தூரம்தான். புவனேசுவரத்தில் நைசர் இருக்கிறது. கணிதப் பித்துள்ளவர்களுக்குச் சென்னைக்கு அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் உண்டு. கணிதமேதை சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி வைத்தது. அதன் நுழைவுத் தேர்வில் விடையைக் குறித்தால் மட்டும் போதாது. சில வினாக்களுக்கு ஏன் என்று நிறுவிக் காட்ட வேண்டும். வெற்றுத் தாளோடு பழகியவர்களுக்கு அது விளையாட்டுக் களம் போல இருக்கும். விண்வெளியில் ஆர்வமுள்ளோருக்குத் திருவனந்தபுரத்தருகே 2007 முதல் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி இயங்குகிறது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று ப்ளஸ் டூ மதிப்பெண்ணைச் சுருக்கி, 200-க்குத் தரவரிசை போடுகிறார்கள். எனவே நுழைவுத் தேர்வு மோகத்தில் பள்ளிப் பாடத்தைக் கைவிடுவது மகா தவறு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதைத் தெரியாமலே கலந்தாய்வுக்கு வராதிருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, அறிவியலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். ஆனால் தேறிய பிறகும் இதில் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. உங்கள் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். நம் முன்னெழுத்தை விரித்து எழுதுவதா, விடுவதா என்ற குழப்பம் வட இந்தியாவில் அச்சாகும் விண்ணப்பங்களில் தீராத தொல்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் வைத்திருக்கும் மாநிலச் சாதிச் சான்று மத்திய அரசின் கல்லூரிகளுக்குப் போதாது. 'ஓ.பி.சி., வளமான பிரிவைச் சேராதவர்' என்று மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்று வேண்டும். ஐ.ஐ.டி. சேர்க்கைக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்றோ அதற்குப் பின்னரோ வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்று செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பள்ளியிலோ இ-சேவை மையத்திலோ முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். விதிகளில் சிலவற்றை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். ஆகவே அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டையே நம்புங்கள். விண்ணப்பத்தைக் கடைசித் தேதிவரை தள்ளிப்போட வேண்டாம். கடைசி நாள் இரவு எல்லா ஊர் இணைய மையங்களிலும் வரிசை நீளமாகத்தான் இருக்கும்.